ஜீப்பின் இடது சக்கரம் பற்றி உனக்குச் சொல்லாதது

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு, அடுத்த வரிக்குப் போக முடியாமல் நாலு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதுகூடப் பொய். எழுந்து போய் வாசலில் நிற்கிறேன், திரும்ப வருகிறேன், ஜீப் ஷெட்டுக்குப் போகிறேன், ஸ்பேனரை எடுக்கிறேன், வைக்கிறேன். ரிட்டயர் ஆன மனுஷனுக்கு இவ்வளவு நடை எதற்கு என்று எதிர் பிளாக்கில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். உனக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. போனில் பேசலாமென்றால், 'சாப்டியா, பேரன் என்ன பண்றான், சரி வெச்சிடறேன்' என்பதைத் தாண்டி நமக்குள் பேச்சே வருவதில்லை. அது ஏன் அப்படி ஆனது என்பதற்கு உனக்கு ஒரு காரணம் தெரியும். எனக்கு வேறொரு காரணம் தெரியும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீ இதைத் தூக்கிப் போட்டாலும் இந்த ஒரு வரியாவது உனக்குக் கிடைத்திருக்க வேண்டும். பதினாலு வருஷத்துக்கு முன்னால் வடக்குத்து தாண்டி, முந்திரித் தோப்புப் பக்கத்தில், நம் ஜீப் பள்ளத்தில் இறங்கி அம்மாவின் கை உடைந்ததே, அதற்குக் காரணம் நீ இல்லை. நான்தான். நீ சரியாகத்தான் ஓட்டினாய். அப்போது உனக்குப் பத்தொன்பது வயது. இப்போது முப்பத்து மூன்று. இத்தனை வருஷம் நீ ஒரு ஸ்டீரிங்கைக்கூடத் தொடாமல் இருக்கிறாய் என்றால் அதற்கும் நான்தான் காரணம். இனி எழுதப்போவதெல்லாம் எப்படி என்பதுதான்.

போன மாதம் பேரனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்ததை நீ எங்களிடம் சொல்லவில்லை. மருமகள்தான் போன் செய்தாள். உன்மேல் புகார் சொல்வதற்கு இல்லை. அந்தப் பெண் அப்படிப்பட்டவள் இல்லை. அவள் வீட்டில் இல்லாத நேரம், பகல் பதினோரு மணிக்கு நீ பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி இறங்கி ஓடியிருக்கிறாய். கீழே அவள் ஓட்டுகிற உங்கள் கார் நின்றிருக்கிறது. அதைத் தாண்டி ரோட்டுக்குப் போய் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாய். கடைசியில் கீழ் வீட்டு அம்மாதான் தன் வண்டியில் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாளாம். "புள்ளைக்கு இப்ப ஒண்ணுமில்ல மாமா. ஆனா அன்னைக்கு அவரு கையில கார் சாவி இருந்திருக்கு. சாவியப் புடிச்சிக்கிட்டே ஆட்டோவுக்கு நின்னாராம். அதை எங்கிட்ட சொல்லிட்டு அழுதாரு மாமா. அந்த ஜீப்புல அப்படி என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சின்ன ஆக்சிடெண்ட்தாம்மா. புதுசா ஓட்டனான், பயந்துட்டான்" என்றேன். வாய் தன்னால் சொல்லிவிட்டது. பதினாலு வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். போனை வைத்த பிறகு எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. இருந்து என்ன? திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேனா? இல்லை. மறுநாள் காலையில் எழுந்து ஜீப்பைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

அதற்கு ஒரு சாக்கும் இருந்தது. மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். வடக்குத்துவில் கட்டிய வீட்டுக்குப் போகிறோம், உனக்குத் தெரியும். அங்கே ஜீப்புக்கு இடமில்லை. ஷெட்டில் அது நின்ற இடத்திலேயே இறங்கிப் போயிருந்தது. டயர் நாலும் தரையோடு தரை. அனல்மின் நிலையத்துச் சாம்பலும் மழைத் தண்ணீரும் பதினாலு வருஷம் ஊறி, அடியில் எது நட்டு, எது போல்ட் என்று தெரியாதபடி ஒரே சிவப்புக் கட்டி. குள்ளஞ்சாவடியிலிருந்து பழைய இரும்புக்காரர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "கேஸ் கட்டர வுட்டா அர மணி நேர வேல சார். துண்டு துண்டா ஏத்திக்கினு போயிடறேன்" என்றார். வேண்டாம், நானே பிரித்துத் தருகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பத்தஞ்சு வருஷம் மைன்ஸ்ல நட்டு கழட்டனது பத்தாதா சார் ஒங்களுக்கு?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

உள்ளதைச் சொன்னால், நான் நாளைத் தள்ளிப்போட்டேன். ஜீப் இருக்கிற வரைக்கும் உன்னிடம் சொல்லாமல் இருக்கலாம், ஜீப்பைப் பிரிக்கிற வரைக்கும் சொல்லாமல் இருக்கலாம் என்று ஒரு கணக்கு. அதிலும் நேராக இடது பக்கம் போகவில்லை. வலது பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, ரயில் கட்டைத் துண்டுகளை அடுக்கி நிறுத்தினேன். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டிக்கு அடியிலும் தலையைக் கொடுக்காதே, இதை உன் பிள்ளைக்கும் சொல்லி வை. கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஒவ்வொரு மூட்டிலும் சொட்டுச் சொட்டாக விட்டேன். இரண்டு நாள் ஊற வேண்டும். எனக்கு இரண்டு மணி நேரம் பொறுக்கவில்லை. சூடு காட்டினேன், அடித்தேன், பைப்பைக் கோத்து நெம்பினேன். ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே இரும்பாகிவிட்டிருந்தன. அவற்றைப் பிடித்திருந்த யூ போல்ட் நட்டுகளை உளி வைத்துப் பிளந்தேன். பட்டையைத் தொங்கவிடும் பின் மட்டும் ஒன்றரை நாள் எடுத்தது. கைவிரல் இரண்டில் தோல் போயிற்று. அந்த வலி எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் நடந்ததைக் கேட்டால் நீயே சிரிப்பாய். இரண்டு முன் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக் குழாய் இருக்கிறதல்லவா, டை ராட், அதன் ஒரு முனையில் நேர் மரை, மறு முனையில் எதிர் மரை, அதைத் தலைகீழாகத் திருப்பினால்தான் கழலும். முதல் வருஷம் சேருகிற அப்ரென்டிஸுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. நான் ஒரு காலை முழுக்க, மூச்சு வாங்க வாங்க, கழற்றுகிறேன் என்று நினைத்து முறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். பதினோரு மணிக்கு டீ கொண்டுவந்த உன் அம்மா, "இன்னாங்க, காலையில பாத்ததுக்கு இப்ப இன்னும் உள்ள போயிருக்கிற மாரி இருக்குது?" என்றாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. "ரிட்டயர்மெண்ட்ல மூளையவும் சேத்து ஒப்படைச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். அவளுடைய வலது கை அப்போதும் டீ டம்ளரை நீட்டி நிற்கிற நிலையிலேயே பாதி மடங்கி நின்றது. அது முழுசாக மடங்காது, முழுசாக நீளவும் நீளாது. நான் டீயை வாங்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நீ காலேஜில் இரண்டாம் வருஷம். லைசென்ஸ் எடுத்து இரண்டு மாதம். திருவதிகையில் பெரியம்மா பேத்திக்குக் காதுகுத்து, மறுநாள் காலையில். முதல் நாள் சாயங்காலமே போய்விட வேண்டும் என்று அம்மா. நான்கு மணிக்கு நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருந்தேன். காலையில் வண்டியைப் பார்த்தால் டை ராடின் இடது முனையைச் சக்கரத்தோடு சேர்க்கும் குண்டு மூட்டு, பால் ஜாயிண்ட், ஆட்டம் கொடுத்தது. அதைக் கழற்றிப் புதுசு போட்டேன். போட்டு, நட்டைக் கையால் மூன்று சுற்று சுற்றியிருப்பேன். ஸ்பேனரால் இறுக்கவில்லை. நட்டு கழலாமல் இருக்கக் குறுக்கே ஒரு சின்னக் கம்பி குத்தி மடிப்போம், ஸ்பிளிட் பின், அதையும் குத்தவில்லை. அதற்குள் வாசலில் பிரேக்டவுன் வேன் ஹாரன் அடித்தது. மைன்ஸுக்குள் சரிவில் ஒரு வண்டி மறித்துக்கொண்டு நிற்கிறது, உடனே வா என்றார்கள். நான் கையைத் துடைத்தேன், துடைத்த துணியை ஸ்டீரிங்கில் ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டினேன், ஏறிப் போய்விட்டேன்.

அந்த முடிச்சைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அது ஒரு வழக்கம். ஷிப்ட் முடியும்போது வேலை பாதியில் நின்றால், ஸ்டீரிங்கில் ஒரு வேஸ்ட் துணியை முடிச்சுப் போட்டுவிட்டுப் போவோம். அடுத்த ஷிப்ட் ஆள் அதைப் பார்த்தால் வண்டியைத் தொட மாட்டான். அடியில் ஏதோ கழன்று கிடக்கிறது என்று அர்த்தம். எழுதி வைக்க வேண்டாம், சொல்லிவிட்டுப் போக வேண்டாம், துணி போதும். இருபது வருஷத்துக்கு மேல் துணி கட்டிய கை. வீட்டிலும் கட்டிவிட்டது. வீட்டில் அதற்கு அர்த்தம் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ உள்ளே படித்துக்கொண்டிருந்தாய், ஒரு குரல் கொடுத்திருக்கலாம். என் போன் அலமாரியில் சார்ஜில் கிடந்தது. நான்கு மணிக்கு நான் வரவில்லை. ஐந்து மணிக்கு அம்மா, "நீதான் லைசென்ஸ் எடுத்துட்டியே, ஓட்டு, போவலாம்" என்றிருக்கிறாள். நீ ஏறி உட்கார்ந்து, ஸ்டீரிங்கில் இருந்த துணியை அவிழ்த்து, அதாலேயே முன் கண்ணாடியைத் துடைத்திருக்கிறாய். அழுக்குத் துணியைப் பார்த்தால் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

ஆனால் அந்தத் துணிதான் தம்பி இத்தனை வருஷம் எனக்குக் கை கொடுத்தது. 'நான் துணி கட்டிவிட்டுத்தானே போனேன், கேட்டுவிட்டு எடுத்திருக்கலாமே' என்று எனக்குள் நானே வாதாடிக்கொண்டே இருந்தேன். குளிக்கும்போது வாதாடுவேன், பஸ்ஸில் போகும்போது வாதாடுவேன். ஜெயித்தும்விடுவேன். ஜெயித்த பிறகும் சோறு இறங்காது. என்ன மனுஷன் நான்! பெற்ற பிள்ளையிடம் வழக்காடி ஜெயிக்க ஒரு எண்ணெய்த் துணியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மூட்டு வீட்டு வாசலிலேயே கழன்று விழுந்திருந்தால் தொல்லை இல்லாமல் போயிருக்கும். வண்டியின் கனத்தில் அதன் தண்டு துளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. நட்டு மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சுழன்று எங்கேயோ ரோட்டில் விழுந்துவிட்டது. டவுன்ஷிப் ஆர்ச் கேட் தாண்டி, வடக்குத்து தாண்டி, அந்த வேகத்தடையில் ஏறி இறங்கினபோதுதான் மூட்டு துளையை விட்டு வெளியே வந்திருக்கும். மைன்ஸில் எனக்குச் சேதி வந்து, அதே பிரேக்டவுன் வேனில் இரண்டு பேரோடு வந்து இறங்கினேன். அப்போது வெளிச்சம் நன்றாக இருந்தது. ஊர் ஜனம் கூடி நின்றது. ஜீப் பள்ளத்துக்குள் ஒரு முந்திரி மரத்தில் மூக்கை வைத்துச் சாய்ந்திருந்தது.

இனி எழுதுவதுதான் நான் இதுவரைக்கும் யாரிடமும் சொல்லாதது. வேனிலிருந்து காலை கீழே வைத்த உடனே நான் பார்த்தது அம்மாவை இல்லை, உன்னை இல்லை. முன் சக்கரங்களைத்தான் பார்த்தேன். தொழில் புத்தி. வலது சக்கரம் ரோட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இடது சக்கரம் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. எந்த டிரைவராலும் இரண்டு சக்கரத்தை இரண்டு பக்கம் திருப்ப முடியாது தம்பி. நடுவில் இருக்கும் டை ராட் கழன்றால்தான் அப்படி நிற்கும். அந்த ஒரு பார்வையிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. காலையில் மூன்று சுற்று சுற்றிய நட்டு தெரிந்தது, குத்தாமல் விட்ட பின் தெரிந்தது. நீ ஸ்டீரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாய் என்பதும் தெரிந்தது. நீ வலது பக்கம் முழுசாக ஒடித்திருக்கிறாய். உன் கைக்குக் கட்டுப்பட்ட ஒரே சக்கரத்தை, கடைசி வரைக்கும், ரோட்டுக்குத் திருப்பியே பிடித்திருக்கிறாய். இடது சக்கரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. என்னோடு வந்த இரண்டு பேரும் மெக்கானிக்குகள். அவர்களும் சக்கரத்தைப் பார்த்தார்கள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்புறம் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

நீ மண்ணில் உட்கார்ந்து அம்மாவின் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாய். உன் சட்டையைக் கழற்றித் தூளி மாதிரி கட்டியிருந்தாய். என்னைப் பார்த்ததும், "அப்பா, நான் ஒடிச்சேம்பா, வண்டி திரும்பலப்பா" என்றாய். நான் உன்னை அடித்தேன். அத்தனை பேர் முன்னால், சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்த பிள்ளையைக் கன்னத்தில் அடித்து, "கண்ண எங்கடா வெச்சிக்கினு ஓட்டன?" என்று கத்தினேன். நீ மறுபடியும், "ஒடிச்சேம்பா" என்றாய். "வாய மூடு" என்றேன். மூன்றாவது தடவை நீ சொல்லவில்லை.

ஏன் அடித்தேன்? இத்தனை நாள் யோசித்து ஒரே ஒரு பதில்தான் கிடைக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டு பேர். லைட் வெகிகிள் செக்‌ஷனில் என் கை பட்ட வண்டி மறுபடி ரிப்பேருக்குத் திரும்பி வராது என்று பேர். அந்தப் பேரைக் காப்பாற்ற உன் கன்னம் கிடைத்தது. அதோடும் விட்டேனா? அம்மாவையும் உன்னையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, நான் பின்னால் வருகிறேன் என்று அங்கேயே நின்றேன். உடைந்த கையோடு கட்டிய பெண்டாட்டி போகிறாள், நான் ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தேன். வேனில் இருந்த ஒரு நட்டை எடுத்துப் போட்டு, இறுக்கி, புதிய ஸ்பிளிட் பின் ஒன்றைக் குத்தி, இரண்டு காலையும் அழகாக மடித்துவிட்டேன். மரத்தில் மோதி வளைந்த பம்பரைத் தவிர வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று ஆகிவிட்டது. இழுத்துக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டேன். ராசியில்லாத வண்டி என்று சொல்லி யாரையும் தொட விடவில்லை. துருப் பிடிக்கட்டும் என்று விட்டேன்.

அதற்கப்புறம் நீ ஆட்டோமொபைல் கோர்ஸை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறினாய். 'அவனுக்கு வண்டின்னாலே பயம்' என்று நானே ஊரெல்லாம் சொன்னேன். லீவுக்கு வந்தால் ஒரு நாளைக்கு மேல் தங்க மாட்டாய். சாப்பிடும்போது அம்மா ஸ்பூனை எடுத்தால் நீ தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வாய். நான் எதிரில் உட்கார்ந்து மோர் விட்டுக்கொண்டிருப்பேன். உன் கல்யாணத்தில், மாப்பிள்ளை கார் ஓட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வரட்டுமே என்று உன் மச்சினன் கேலி பேசியபோது உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். மேடையில் எனக்குப் பக்கத்தில்தான் நின்றாய். காதில் ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு நல்ல நாளில் எதற்கு என்று விட்டுவிட்டேன். அப்புறம் பேரன் பிறந்தான், அதுவும் நல்ல நாள். நல்ல நாளிலும் சொல்லவில்லை, கெட்ட நாளிலும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் வேறு வழியில்லாமல் இடது பக்கத்துக்குப் போனேன். அந்த மூட்டை எடுக்க ஒரு முறை இருக்கிறது. மரைமேல் அடிக்கக் கூடாது, தலை நசுங்கிவிடும். மூட்டு கோத்திருக்கும் துளையின் ஒரு பக்கம் கனமான சுத்தியலைத் தாங்கு கொடுத்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி அடித்தால், உள்ளே இருப்பது தானாகத் தளர்ந்து விழும். ஆனால் அதற்கு முன்னால் ஸ்பிளிட் பின்னை எடுக்க வேண்டும். நான் அன்றைக்குக் குத்திய பின். துருவில் நட்டோடு நட்டாக ஒட்டியிருந்தது. அதன் மடிப்பு மட்டும் அப்படியே தெரிந்தது. குறடால் இழுத்தேன், ஒரு கால் ஒடிந்தது. மற்றதை ஆணி வைத்துத் தட்டினேன். ஒரு மணி நேரம் தட்டியிருப்பேன். அழுதுகொண்டு தட்டினேனா, வியர்வையா என்று எனக்கே தெரியாது. அப்போது அம்மா வந்து நின்றாள். "அப்படி இன்னாங்க இருக்குது அதுல? அந்த இரும்புக்காரன் கட்டர வெச்சி அறுத்துக்கினு போவப் போறான், வுடுங்களேன்" என்றாள்.

அடியில் படுத்துக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிச்சல் இல்லை. துணி, நட்டு, சக்கரம், நான் அடித்த அடி, அப்புறம் குத்திய பின், எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அவளுடைய பாதம் இரண்டு மட்டும்தான் தெரிந்தது. அது நகரவே இல்லை. "வெளிய வா" என்றாள். முப்பத்தாறு வருஷத்தில் என்னை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. வெளியே வந்தேன். அவள் அழவில்லை. "இந்தக் கையால ஒரு கொடம் தண்ணி தூக்க முடியாதப்பெல்லாம் நான் எம்புள்ளயத்தான்யா மனசுக்குள்ள திட்டிக்கினு இருந்தேன். வாயால ஒண்ணும் சொல்லல. மனசுக்குள்ள திட்டனேன். அவன் வந்தா மூஞ்சி குடுத்துப் பேசாம இருந்திருக்கறேன். அதெல்லாம் எங்கிட்ட திருப்பிக் குடுப்பியா நீ?" என்றாள். நான் அதுவரைக்கும் என் பாவத்தை ஒன்றாகத்தான் எண்ணியிருந்தேன். உன்னிடமிருந்து அம்மாவையும் பிடுங்கிவிட்டேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மத்தியானமே ஒரு பையில் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு திருவதிகைக்குப் பெரியம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். "அவங்கிட்ட சொல்லு. அவன் எனக்கு போன் பண்ணட்டும். அப்பறம் பாக்கலாம் வூட்டுக்கு வர்றதும் வராததும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் உனக்கு எழுத உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். என்ன எழுதினேன் தெரியுமா? ஜீப்பைப் பிரித்தபோதுதான் பார்த்தேன், அப்போதுதான் என் தப்பு எனக்கே தெரிந்தது, உடனே எழுதுகிறேன் என்று எழுதினேன். நன்றாகவும் வந்திருந்தது. படித்தால் நீயே எனக்காகக் கண் கலங்கியிருப்பாய். திரும்பப் படித்துப் பார்த்தேன். சீ என்று ஆகிவிட்டது. ஸ்பிளிட் பின் குத்தின அதே கைதான் அதையும் எழுதியது. கிழித்துப் போட்டேன். அதனால் கேட்டுக்கொள். இப்போது கழற்றிப் பார்த்து எனக்கு ஒன்றும் தெரியவரவில்லை. முதல் நிமிஷத்திலேயே தெரியும். தெரிந்துதான் அடித்தேன். தெரிந்துதான் பதினாலு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

அப்பனாக உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் பிள்ளை ஏதாவது சொல்லிக்கொண்டு ஓடி வந்தால், முதலில் முழுசாகக் கேள். அப்புறம் கோபப்படு. இன்னொன்று, அவனிடம் நீ தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு நாள் போனால் கஷ்டம்தான், ஆனால் சொல்லிவிடலாம். ஒரு வருஷம் போனால் சொல்ல ஒரு சாக்கு வேண்டும். அதற்குமேல் போனால் என்னைப் போல அலைய வேண்டும். வண்டி ஓட்டு என்று நான் சொல்ல மாட்டேன். ஓட்டுவதும் ஓட்டாததும் உன் இஷ்டம். ஆனால் பயந்து ஓட்டாமல் இருக்க உனக்குக் காரணம் ஒன்றும் இல்லை. உன் கை நல்ல கை. வண்டி பாதி செத்த பிறகும் அது ரோட்டை விடவில்லை. அன்றைக்கு நீ இரண்டு தடவை சொன்னதற்கு நான் அடிதான் கொடுத்தேன். பதிலை இப்போது சொல்கிறேன்: ஆமாண்டா தம்பி, நீ ஒடிச்ச. வண்டிதான் திரும்பல.

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் ஏறி நானே கொண்டுவந்தேன். நீ ஆபீஸிலிருந்து வந்ததும், 'மாமா வந்திருக்காரு' என்று சொல்லாமல், இதைக் கையில் கொடுத்து உள் ரூமுக்கு அனுப்பி, கதவைச் சாத்திவிடும்மா என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ வாசல் ஏறும் சத்தம் கேட்டதும் நான் பேரனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய் நிற்பேன். நீ ரூமுக்குள் போன பிறகு ஹாலுக்கு வந்து உட்கார்ந்துகொள்வேன். ஆகையால் இந்த வரியை நீ படிக்கும்போது, உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதவுதான் இருக்கிறது. முதலில் அம்மாவுக்குப் போன் பண்ணு. அவளோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு. அப்புறம் கதவைத் திறந்து வா. திட்டு, அடி, வெளியே போ என்று சொல்லு, எதுவாக இருந்தாலும் சரி. இன்றைக்கு நான் உன்னை வாயை மூடு என்று சொல்ல மாட்டேன்.

அப்பா